காடை நரம்பும் ஆம்பூர் பிரியாணியும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, போன வாரம் உங்களில் ஒருத்தர் என்னிடம், கரண்ட் போனால் இன்குபேட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் சிரித்தேன். உங்களைக் கேலி செய்து சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த பதிலை ஒரு வரியில் சொன்னால், ரிட்டயர் ஆனதும் இந்த அம்மாவுக்கு மரை கழன்றுவிட்டது என்று கேன்டீனில் பேசிக்கொள்வீர்கள். அதனால்தான் முழுசாகச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் எங்கள் ஆய்வுக்கூடம். ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு காடைப் பண்ணை இருந்தது. எங்கள் அட்டெண்டர் தேவராஜ் அங்கே போய்க் கருக்கூடிய முட்டைகளை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். முட்டைக்குள் குஞ்சு உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதன் விழித்திரையிலிருந்து, பின்னால் நரம்பாகப் போகிற செல்களைப் பிரித்தெடுப்போம். சும்மா விட்டால் அவை கொஞ்ச நாளில் பெருகுவதை நிறுத்திவிடும். பறவைகளுக்குக் கட்டி வரவைக்கும் ஒரு வைரஸை உள்ளே விட்டால் கதை மாறிவிடும். நரம்பாக வேண்டும் என்கிற எண்ணமே இல்லாமல் செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும்.

எங்களிடம் இருந்த வைரஸுக்கு ஒரு பலவீனம் உண்டு. முப்பத்தாறு டிகிரியில் அது ராஜா. நாற்பதைத் தொட்டால் அதன் முக்கியமான புரதம் படுத்துவிடும். அப்போது செல் பெருகுவதை விட்டுவிட்டு, மெல்லிய இழைகளை நீட்டிப் பக்கத்துச் செல்லைத் தொட்டு, நரம்பு செல் ஆகிவிடும். மறுபடி சூட்டைக் குறைத்து வைரஸுக்கு உயிர் கொடுத்தால், நரம்பான செல்லைப் பழையபடி இழுத்துக்கொள்ளுமா? அதுதான் நஸ்ரினுடைய ஆராய்ச்சி.

நஸ்ரின் ஆம்பூர்ப் பெண். அவளுடைய அப்பாவுக்கு அங்கே ஷூவின் மேல்பாகம் தைக்கிற பட்டறை. மகளைப் படிக்க அனுப்பியதற்கே சொந்தக்காரர்களிடம் பேச்சு வாங்கிய மனுஷர். வாணியம்பாடியில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். இந்தக் கோடைக்குள் ஏதாவது தேறினால் சரி, இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும், நடுவில் உடம்புக்கு ஒன்று என்றாலும் அதே கதைதான் என்று அவர் சொல்லியிருந்தார். அந்தப் பெண் ஊருக்குப் போவதைவிட ஆய்வுக்கூடத்தின் தரையைக் கூட்டிக்கொண்டாவது இருந்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

எங்கள் துறைத் தலைவர் ஒரு டாக்டரம்மா. பெயர் வேண்டாம். யாரையும் திட்டாத நாளில் அவருக்குச் சாப்பாடு செரிக்காது என்று தேவராஜ் சொல்வார். நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம்.

மற்ற ஊர்களில் இன்குபேட்டரை எப்படிச் சூடாக வைப்பது என்று கவலைப்படுவார்கள். வேலூரில் மே மாதத்தில் அதை எப்படி ஆற வைப்பது என்பதுதான் கவலை. அந்தப் பெட்டிக்குச் சூடாக்கத் தெரியுமே தவிர, ஆற வைக்கத் தெரியாது. ஏசி அறைக்குள் இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். அந்த மே மாதம் பின்கட்டின் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துப் புகைந்தது. ஜெனரேட்டர் வார்டுகளுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் மட்டும்தான். அதில் நியாயம் இருந்ததால் நாங்கள் சண்டை போட முடியவில்லை. புது டிரான்ஸ்ஃபார்மர் எங்கே என்று கேட்டால், அரக்கோணம் வந்துவிட்டது என்றார்கள். மறுநாள் கேட்டாலும் அரக்கோணம்தான். அந்தக் கோடை முழுக்க அது அரக்கோணம் வந்துகொண்டே இருந்தது.

அறைக்குள் நாற்பத்தொரு டிகிரி. அந்தச் சூட்டில் விட்டால் குடுவைகளில் இருந்த அத்தனை செல்களும் நரம்பாகிவிடும். பெருகுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. புதிதாக ஆரம்பிக்கலாம் என்றால் பண்ணையில் காடைகள் வெயில் தாங்காமல் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன. கையில் இருந்த குடுவைகள் போனால் நஸ்ரினும் போனாள் என்று அர்த்தம்.

ஐஸ் பெட்டியில் வைத்தோம். குளிர் ஜாஸ்தியாகி செல்கள் குடுவையின் அடியை விட்டுப் பிய்த்துக்கொண்டு மிதந்தன. நனைத்த கோணியால் இன்குபேட்டரைச் சுற்றிக் கட்டினோம். பூஞ்சை பிடித்தது. ஆபரேஷன் தியேட்டரின் ஏசியில் ஒரு மூலை கேட்டோம். வைரஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் அங்கிருந்த தலைமை நர்ஸ் எங்களைப் பார்த்த பார்வையில் நாங்களே திரும்பி வந்துவிட்டோம்.

அப்போதுதான் மேடம் கேட்டார், "இந்தக் கட்டடத்துல முப்பத்தாறு, முப்பத்தேழு டிகிரியில இருக்கிறது இன்னா இருக்கு?"

மேடம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நாமதான் இருக்கோம். எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்து இடுப்புல செருகுங்க."

உள்ளங்கையில் அடங்குகிற சப்பையான பிளாஸ்டிக் குடுவைகள் அவை. மூடியை இறுக்கி, பாலித்தீன் பையில் கட்டி, துணியில் சுற்றி, பெண்கள் சுருக்குப்பை செருகுகிற இடத்தில் செருகிக்கொண்டோம். ஆண்கள் பெல்ட்டுக்கு உள்ளே. பறவை வைரஸ்தான், மனுஷரை அண்டாது என்று எங்களுக்கு ஒரு தைரியம். இன்றைக்கு உங்களில் யாராவது இப்படிச் செய்தால் முதல் புகாரை நானே எழுதுவேன், ஞாபகம் இருக்கட்டும். ஆனால் அன்றைக்கு வேலூரிலேயே குளிர்ச்சியான, நம்பகமான பொருள் மனுஷ உடம்பு ஒன்றுதான். என் வீட்டுக்காரர், இடுப்பில் இன்னா என்று கேட்டார். காடையின் கண் என்றேன். அவர் அதற்கப்புறம் அந்தக் கோடை முழுக்க என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இடுப்பில் வைத்ததும் சட்டங்கள் முளைத்தன. பஸ்ஸுக்கு ஓடக்கூடாது. தேவராஜ் சைக்கிள் மிதிக்கக்கூடாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். வீட்டில் சண்டை போட்டால் உடம்பு சூடாகும் என்று அதற்கும் தடை. அடுத்து வந்ததுதான் பெரிய சட்டம். மாம்பழம், கோழி, பிரியாணி மூன்றும் சூடு, ஆகவே அறவே கூடாது. சொன்னது யார் தெரியுமா? ஜெர்மனியில் படித்துப் பட்டம் வாங்கி வந்த எங்கள் டாக்டர் ஒருவர். நாங்களும் தலையாட்டினோம். உடம்பின் வெப்பநிலை எப்படிச் சீராக இருக்கிறது என்று மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவர்கள்தான் நாங்கள் எல்லோரும். மாம்பழம் என்றதும் வீட்டில் அம்மா சொன்னது முன்னால் வந்து நின்றது. ஆய்வுக்கூடமே மோரும் வெள்ளரிக்காயுமாக நடமாடியது.

தினமும் காலையில் குடுவைகளை எடுத்து ஜன்னல் ஓரம் மைக்ரோஸ்கோப்பில் வைத்து, கரண்ட் இல்லாததால் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிப் பார்ப்போம். எல்லாம் ஜோராக இருந்தது. தேவராஜின் குடுவையில் செல்கள் திமுதிமுவென்று பெருகின. என்னுடையதும் பரவாயில்லை. பிறகு ஒரு காலையில் நஸ்ரினின் குடுவையைப் பார்த்த மேடம் கண்ணை எடுக்காமல் என்னைக் கூப்பிட்டார். நானும் பார்த்தேன். பெருகிக்கொண்டிருக்க வேண்டிய செல்கள் அத்தனையும் இழை நீட்டி, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, வலை பின்னியிருந்தன. அவ்வளவும் நரம்பு.

"இன்னா சாப்ட்ட நீ?" என்றார் ஜெர்மனி டாக்டர். மேடம் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள். "பிரியாணி சார். அப்பா ஆள் கிட்ட அனுப்பியிருந்தாரு."

கொலை செய்தவள் ஒப்புக்கொண்ட மாதிரி எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான் பார்த்தது வேறு. பழி பிரியாணி மேல் விழுந்ததும் அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. திட்டு வாங்குகிறவளுக்கு எதற்கு நிம்மதி என்று எனக்கு உறுத்தியது. ஆனால் அந்த நேரத்தில் பிரியாணிதான் பெரிய விஷயமாக இருந்தது.

சும்மா பழி போடக்கூடாது, நிரூபிக்க வேண்டும் என்றார் ஜெர்மனி டாக்டர். பட்டை, கிராம்பு, மிளகாய், இவற்றால் தோலுக்கு ரத்தம் ஜாஸ்தி பாயும் என்று படம் போட்டுக் காட்டினார். பாதிப் பேர் பிரியாணி சாப்பிட வேண்டும், பாதிப் பேர் தயிர்சாதம், யார் குடுவையில் நரம்பு வருகிறது என்று பார்க்க வேண்டும். பிரியாணிப் பக்கத்துக்கு ஆள் எடுக்கக் குலுக்கல் போட்டோம். தேவராஜ் குலுக்கலுக்கே காத்திருக்காமல் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார். நஸ்ரினை மேடம் தயிர்சாதத்தில் சேர்த்துப் புதுக் குடுவை ஒன்றைக் கொடுத்தார்.

இந்தச் செய்தி எப்படியோ ஆம்பூருக்குப் போய்விட்டது. மறுநாள் நஸ்ரினின் அப்பா பெரிய பிரியாணி டேக்சாவோடு வந்து இறங்கினார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, முகத்தில் கோபம்.

"டாக்டரம்மா, எங்க ஊட்டு பிரியாணி சூடுன்னு சொன்னீங்களாமே? மூணு தலைமுறையா சாப்பிடறோம். எவனுக்கு இன்னா ஆச்சி? என் மேல டெஸ்ட் பண்ணுங்க."

மேடம் ஒரு குடுவையை எடுத்து நீட்டினார். நாங்கள் பாய் என்று கூப்பிடும் அந்த மனுஷர் அதை வாங்கி, பேன்ட்டுக்குள் செருகி, எங்கள் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து ஒரு தட்டுப் பிரியாணியை முழுசாகச் சாப்பிட்டார். ராத்திரி ஊருக்குப் போகாமல் தெரிந்தவர் வீட்டில் மல்லாந்து படுத்ததாகச் சொன்னார். வந்தவர் மகளை அழைத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நஸ்ரின் நடுங்கிக்கொண்டிருந்தாள். நடுங்கியது பயத்தால் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

காலையில் வரிசையாகக் குடுவைகளைப் பார்த்தோம். தேவராஜ் பிரியாணி, நரம்பு இல்லை. பாய் பிரியாணி, நரம்பு இல்லை. தயிர்சாதக் கோஷ்டியிலும் யாருக்கும் இல்லை. பாய் மீசையைத் தடவிக்கொண்டார். கடைசியாக நஸ்ரினின் குடுவை. தயிர்சாதம் சாப்பிட்ட பெண்ணின் குடுவை முழுக்க நரம்பு.

ஜெர்மனி டாக்டர் உடனே தயிரைச் சந்தேகப்பட்டார். தயிர் எங்கே வாங்கினது, எத்தனை நாள் தயிர் என்று தேவராஜைக் கேட்க ஆரம்பித்தார். இந்தக் குடுவை கெட்டுவிட்டது, கொட்டிவிடலாம் என்றும் சொன்னார். மேடம் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். எனக்குத் தெரிந்து அவர் குரலை உயர்த்தாமல் பேசியது அன்றைக்குத்தான்.

"இந்த செல்லு நம்மகிட்ட ஒரு தடவகூட பொய் சொன்னதில்ல. நாப்பது டிகிரின்னு சொல்லுது. அது சொல்றத விட்டுட்டு நாம எல்லாரும் சாப்பாட்டப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கோம். ஒரு தெர்மாமீட்டர் கொண்டாங்க."

எங்கள் அறையில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு தெர்மாமீட்டர், ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, இன்குபேட்டருக்கு இரண்டு. மனுஷர் வாயில் வைக்க ஒன்று இல்லை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு வார்டுக்கு ஓடி இரவல் வாங்கி வந்தேன். நஸ்ரின் வாயைத் திறக்க மறுத்தாள். மேடம் முறைத்ததும் திறந்தாள். நூற்று நான்கு டிகிரி காய்ச்சல், எங்கள் இன்குபேட்டர் கணக்கில் அதே நாற்பது.

நாலைந்து நாளாகவே காய்ச்சலாம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மோரைக் குடித்துக்கொண்டு, அந்தக் குடுவையைச் சுமந்துகொண்டு வேலைக்கு வந்திருக்கிறாள். தெரிந்தால் அப்பா ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்று பயம். பிரியாணி மேல் பழி விழுந்தபோது அவளுக்கு ஏன் நிம்மதி என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் மேல் அதைவிட ஜாஸ்தி வந்தது. ஒரு பெண் பக்கத்தில் நின்று கொதித்துக்கொண்டிருக்கிறாள், இத்தனை டாக்டர்கள் சேர்ந்து பட்டை கிராம்பைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். இதைச் சொல்லும்போதுகூட எனக்கு ஆத்திரமாக வருகிறது.

வார்டில் சேர்த்தோம். டைஃபாய்டு. படுக்கையில் கிடந்தவள் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடுப்பிலிருந்து எடுத்த குடுவையை யார் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாய் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோபமெல்லாம் போய், வெள்ளைச் சட்டை கசங்கி, பாவமாக இருந்தது. மகளை உருதுவில் பேட்டி என்று கூப்பிட்டார்.

"போதும் பேட்டி. காய்ச்சல் உட்டதும் ஊருக்குப் போய்டலாம். இந்த பேஜாரே நமக்கு வாணாம்."

நஸ்ரின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடம் அவரிடம் வாதாடவில்லை. நஸ்ரினுடைய நரம்புக் குடுவையைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். உங்கள் உடம்பு முப்பத்தாறரையில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது, நேற்று வார்டு தெர்மாமீட்டரில் பார்த்தேன், இவள் தேறும்வரை இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், வேறு யாரையும் நான் நம்பவில்லை என்றார். கடைசியாகச் சொன்னது பொய். ஆனால் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நாற்பது டிகிரியில் நரம்பானவை, பாயின் முப்பத்தாறரையில் என்ன ஆகும் என்பதுதான் நஸ்ரின் கேட்ட கேள்வியே. வைரஸ் மறுபடி எழுந்துகொள்ளும். செல்களை இழுத்துக்கொள்ளுமா? பாய் தினமும் காலையில் வார்டிலிருந்து பின்கட்டுக்கு நடந்து வந்து, இடுப்பிலிருந்து குடுவையை எடுத்து வைத்து, நாங்கள் பார்த்து முடிக்கும்வரை கை கட்டி நிற்பார். முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு, "நம்பள்து நல்லா இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார். அப்புறம் தானே மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். தேவராஜின் குடுவையைவிடத் தன்னுடையது சுத்தமாக இருப்பதாக ஒருநாள் சொன்னார். தேவராஜ் அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

இழை நீட்ட ஆரம்பித்திருந்த செல்களில் சில இழையைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பெருகின. முழுசாக நீட்டிப் பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொண்டவை அப்படியே நின்றன. வைரஸ் உள்ளே இருந்தும் அவற்றை அசைக்க முடியவில்லை. மேடம் இதைப் பாய்க்கு விளக்கினார்.

"எங்க தொழில்ல வெட் ப்ளூன்னு ஒரு ஸ்டேஜ் உண்டு டாக்டரம்மா. தோல் அதுல இருக்கிற வரைக்கும் ஷூவா ஆக்கலாம், பேக்கா ஆக்கலாம், இன்னா வேணா பண்ணலாம். ஃபினிஷ் ஆய்ட்டா அதோட சரி. இதுவும் அப்டிதானா?"

"அப்டிதான் பாய்."

"மறுபடி பழசா ஆக்க முடியாது?"

"வைரஸாலயே முடியல."

பாய் குடுவையை எடுத்துத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். வார்டுக்குப் போனார். நஸ்ரின் காய்ச்சல் விட்டு, துரும்பாக இளைத்து, உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும், உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பதற்கு முன்னால், "இன்னிக்கு இன்னா ஆச்சி? நீட்டினது நிக்குதா?" என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் மகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வெளியே போய், ஆஸ்பத்திரி வாசலில் இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து வாணியம்பாடி மாப்பிள்ளை வீட்டுக்கு ஃபோன் போட்டார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து, டிஸ்சார்ஜ் ஆனதும் ஊருக்குப் போய்ப் பத்து நாள் தேறிவிட்டு வா, அதுவரை குடுவையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார். அந்தப் பெண் அழுத அழுகையில் நர்ஸ் ஓடி வந்தாள்.

பிள்ளைகளே, நீங்கள் இப்போது என்னிடம் பாடம் என்ன என்று கேட்பீர்கள். எதிர்பாராத முடிவு வந்தால் காரணம் சொல்ல எல்லோரும் முந்துவார்கள், படித்தவர்கள்தான் முதலில் முந்துவார்கள். அந்த நேரத்தில் காரணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, எதை அளக்கலாம் என்று பாருங்கள். குடுவையைக் கொட்டாதீர்கள். அதைத் தூக்கிக்கொண்டு வந்தவரின் முகத்தையும் ஒருதரம் பாருங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டிரான்ஸ்ஃபார்மர் மழைக்காலத்தில் வந்து சேர்ந்தது. நஸ்ரின் புது முட்டைகளோடு இதையே இன்குபேட்டரில் முறையாகத் திருப்பிச் செய்து, ஆராய்ச்சியை முடித்தாள். ஆனாலும் முதல் படமாக அந்தக் குடுவையின் படத்தைத்தான் வைத்தாள். குடுவை அவள் இடுப்பில் இருந்த நாட்களை யாரும் அளக்காததால், பக்கத்தில் வார்டு நர்ஸ் பிறகு போட்ட காய்ச்சல் கோடு, வெறும் வெப்பநிலை என்ற தலைப்போடு.

அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் வந்தார். எல்லோரும் வரலாம் என்பதால் கூடம் நிறைந்திருந்தது. ஆம்பூரிலிருந்து பாயும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் அந்த முதல் படத்தில் வெகுநேரம் நின்றார். சாயந்திரம் ஏறி, காலையில் இறங்கி, நாற்பதைத் தொட்டுத் தொட்டு வரும் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இவ்ளோ அழகா ஏறி இறங்குற இன்குபேட்டர நான் பார்த்ததே இல்லம்மா. எந்தக் கம்பெனி?"

நஸ்ரின் மேடத்தைப் பார்த்தாள். மேடம் கூரையைப் பார்த்தார். கடைசி வரிசையில் பாய் எழுந்து நின்றார்.

"ஆம்பூர் மேக், சார். நம்ம ஊட்டு தயாரிப்பு."

பேராசிரியர் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டு, வேலூரில் அதற்கு டீலர் யார் என்று கேட்டார்.